ஐந்து தையல்

காரியத்துக்கு வந்தவர்களில்
பாதிப் பேர் சட்டையைத் தூக்கினார்கள்.
யாரும் கேட்கவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
"மருதாசலம் சார் கை, பாருங்க" என்று
பந்தலிலேயே வயிற்றைக் காட்டினார்
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வேலை பார்த்தவர்.
பனையிலிருந்து விழுந்த செல்லாண்டிக்கு
விலாவிலிருந்து தொப்புள்வரை ஒரு கோடு,
கயிறு பிடித்து வெட்டிய வாய்க்கால் மாதிரி.
முப்பது வருஷமாச்சு, மழைக்கு முந்தின நாள் அரிக்குமாம்.
தெய்வாத்தா சேலைக்கு மேலேயே விரலால் இழுத்துக் காட்டினாள்:
"இங்கிருந்து இங்க. பையனும் பொழச்சான், நானும் பொழச்சேன்."
பையன் பக்கத்தில் நின்றான்,
மீசையோடு, கூச்சப்பட்டு.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறுகிற கூட்டத்தில்
எத்தனை உடம்பில் அப்பா எழுதியிருக்கிறார் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பொறாமையாக இருந்தது. சொன்னால் என்ன.

என் தாடையில் இருப்பது அவர் எழுத்து இல்லை.

ஒன்பது வயதில் மதகுச் சுவரில்
சைக்கிளோடு போய் முட்டினேன்.
பாவாடையெல்லாம் ரத்தம்.
சித்தூர் தாலூக் ஆசுபத்திரி. அப்பாவின் மேஜை, அப்பாவின் விளக்கு.
கையுறை போட்டார். ஊசியை எடுத்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு
"அன்னக்குட்டி சிஸ்டர், நீங்க போடுங்க" என்றார்.
கதவுக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம்
அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்.
"கரயல்லே மோளே, கரயல்லே" என்று சொல்லிச் சொல்லி
சிஸ்டர் கோணலாக ஐந்து போட்டார்.

இத்தனைக்கும்
லாரி கவிழ்ந்த ராத்திரி கரண்ட் போய்,
டார்ச் பிடித்த கம்பவுண்டர் மயங்கி விழுந்தபோது
விழுந்தவரின் இரண்டு பக்கமும் காலை வைத்து நின்று
மண்ணீரலை எடுத்த மனுஷன்.
எல்லைக் கட்டை அவர் ஸ்கூட்டர் சத்தத்துக்கே எழும்பும்.
எந்தப் பக்கத்து வயிறு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டில் கத்தி தொடமாட்டார்.
ஞாயிற்றுக்கிழமைக் கோழி, மாங்காய், தர்பூசணி
எல்லாம் அம்மாதான்.
"ஆறு நாளும் அறுக்கிறேன் கண்ணாத்தா, ஒரு நாள் விடு."
விட்டாலும் சும்மா இருக்கமாட்டார்.
பக்கத்தில் நின்று "கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்பார்,
வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நேற்று பீரோவில் அவர் நோட்டு கிடைத்தது.
ஆசுபத்திரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று
வைத்துக்கொள்ளத் தெரியவில்லை அவருக்கு.
பால் ஒன்றரை லிட்டர்.
குடலிறக்கம் இரண்டு.
சின்னவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.
முருகம்மாள், பித்தப்பை, கல் பதினேழு.
கடலைப் புண்ணாக்கு பாக்கி நாற்பது ரூபாய்.
வண்ணாமடைக்காரர் போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை.
அப்புறம் ஒரு பக்கத்தின் அடியில், பென்சிலில்:
பூங்கோதை. தாடை. ஐந்து தையல்.
போட்டது சிஸ்டர். நான் வெளியே.

'வெளியே'யில் பென்சில் முனை உடைந்திருக்கிறது.
மீதியை நீல மையால் முடித்திருக்கிறார்.

பதினொரு மணிக்கு வருவார், சில நாள் அதற்கும் மேலே.
கிணற்றடியில் முழங்கைவரை கழுவுவார்,
ஆசுபத்திரியில் கழுவியது போதாதென்று.
பிறகு தூங்குகிற எங்கள் உள்ளங்காலை
வரிசையாக ஒருமுறை தொடுவார்.
ஜில்லென்றிருக்கும்.
கண்ணைத் திறக்காமலே
அப்பா வந்தாச்சு என்று புரண்டு படுப்போம்.

போன மாசம் அந்த விடிகாலையில்
அம்மா என்னை எழுப்பி
"கையத் தொட்டுப் பாரு, சாமி" என்றாள்.
தொட்டேன்.
சித்தி அலறினாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான்.
எனக்கு மட்டும், தூக்கக் கலக்கத்தில், ஒரு நொடி
இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறார்
என்று தோன்றியது.